சத்தியத்துக்குப் பயந்தவர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில் ஒரு லோயரிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். பார்லிமென்ட் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே கந்தோர், அதாவது லோயரின் அலுவலகம். எங்களிடம் வருகிறவர்களுக்குச் சத்தியம் பண்ணுவது தண்ணீர் குடிக்கிற மாதிரி. அகதிக் கோரிக்கைக்கு ஒரு சத்தியம், பிறந்த திகதிக்கு ஒரு சத்தியம், தொலைந்துபோன பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு சத்தியம். வலது கையைத் தூக்குங்கள் என்று நான் சொல்லி முடிக்குமுன்பே சிலர் இரண்டு கையையும் தூக்கிவிடுவார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த சனத்திடம் ஒவ்வொன்றுக்கும் சத்தியம் கேட்டால் அது மலிந்துதான் போகும்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் இவர் வந்து சேர்ந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிய நெடிய மனிதர். சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் மாடிக் கட்டடம் ஒன்றில் மகன் குடும்பத்தோடு இருந்தார். இளவயதில் மலாயாவில் ரயில்வே கிளாக்காக இருந்தவர் என்பதால் எங்கள் ஆட்கள் அவரை 'மலாயா அங்கிள்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் மலாயாக்காரர் என்றால் பென்சன் எடுத்து, கல்வீடு கட்டி, மிடுக்காகத் திரிகிறவர் என்று அர்த்தம். இவருக்குப் பென்சனும் இல்லை, கல்வீடும் இல்லை. ஜப்பான்காரரோடு நடந்த யுத்தம் முடிந்த கையோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடிவந்துவிட்டாராம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் கண்ணால் காணாத எதையும் சொல்ல மாட்டார். மாசி மாதம், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். "அங்கிள், வெளியில சரியான குளிரோ?" என்று கேட்டால், "நான் வரேக்க குளிராத்தான் இருந்தது. இப்ப எப்பிடியெண்டு தெரியாது" என்பார். பகிடிக்காகச் சொல்லுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது.

ஒருமுறை மகனின் காரோடு இன்னொரு கார் மோதிவிட்டது. இவர் முன் சீற்றில் இருந்திருக்கிறார். "மற்றவன்தான் சிவப்பு லைற்றில வந்தவன் எண்டு சொல்லுங்கோ அப்பா, அதுதானே நடந்தது" என்று மகன் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். காப்புறுதிக்காரன் வந்து கேட்டபோது இவர், "என்ரை மூக்குக்கண்ணாடி கீழ விழுந்திட்டுது. நான் குனிஞ்சு அதைத் தேடிக்கொண்டிருந்தனான். லைற்றைக் காணேல்லை" என்றாராம். மகனுக்கு நட்டம் வந்தது. ஒரு மாதம் தகப்பனும் மகனும் பேசவில்லை. மருமகள்தான் இதை எனக்குச் சொன்னாள். "எங்கடை மாமாவை வச்சிருக்கிறதும் ஒண்டு, வீட்டுக்குள்ள பொலிஸ் ஸ்ரேசன் வச்சிருக்கிறதும் ஒண்டு" என்றாள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சிரிப்பு வராத விஷயமும் இருந்தது. யாராவது 'சத்தியமாய்' என்று வாய் திறந்தால் போதும், அவர் கையை உயர்த்தி நிறுத்துவார். "சத்தியத்தை விடு. விசயத்தைச் சொல்லு." பேத்தி இங்கே பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேசுகிற மாதிரி அதுவும் எதற்கெடுத்தாலும் "ஐ ஸ்வெயார் அப்பப்பா" என்று சொல்லும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டாராம். பிள்ளை அழுதுகொண்டு நின்றதாம்.

றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் நானே கண்டது இன்னொன்று. தீபாராதனை முடிந்து ஐயர் கற்பூரத் தட்டோடு வருகிறார். சனம் முண்டியடித்துக்கொண்டு கையை நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தட்டு அவர் முன்னால் ஒரு கணம் நின்றது. அவர் சுவரைப் பார்த்தார். ஐயர் நகர்ந்துவிட்டார். சாமி கும்பிட வந்த இடத்தில் இது என்ன வீம்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

அவர் எங்களிடம் வந்தது மகளுக்காக. ஒரேயொரு மகள். புருஷனை ஆமி பிடித்துக்கொண்டு போய், பிறகு தகவலே இல்லை. கைக்குழந்தையோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அந்தக் காலத்துக் கொழும்பு லொட்ஜ் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த நேரமும் பொலிஸ் வந்து கதவைத் தட்டும். அவளை இங்கே ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதற்கு மகனின் சம்பளம் காணாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் வருமானம் காட்டவேண்டும்.

அப்போதுதான் யாரோ ஒருவர் மகனின் காதில் போட்டிருக்கிறார். வெள்ளைக்காரனின் பழைய யுத்தத்தில் மலாயாத் தொண்டர் படையில் இருந்தவர்களுக்கும் பென்சன் உண்டாம். தகப்பன் அந்தப் படையில் இருந்தவர் என்பது மகனுக்குத் தாய் சொல்லித் தெரியும். தகப்பன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. கடதாசி ஒன்றும் கைவசம் இல்லை. ஆனால் நடந்ததை நினைவிலிருந்து சொல்லி, லோயருக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். சத்தியம் என்றதும் அவர் மாட்டேன் என்று நின்றிருக்கிறார். மகள் பேரைச் சொல்லித்தான் மகன் கூட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் லோயர் பொறுமையான வெள்ளைக்காரப் பெண். கிளாக்காக இருந்த கிழவருக்கு இங்கிலீஷ் தெரியும்; ஆனால் ஒரு சொல்லும் பிழைக்கக்கூடாது என்று தமிழில்தான் கேட்கச் சொன்னார். லோயர் கேட்க, நான் தமிழில் கேட்க, கிழவர் சொன்னார். அப்படி ஒரு வாக்குமூலத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் மொழிபெயர்த்ததில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் பின்னேரங்களில் பயிற்சி. சப்பாத்து ஒரு அளவு பெரிது, பழைய துணி அடைத்துப் போட்டார். துவக்கு பாரம், சுடச் சுடத் தோள் கண்டிப்போய்விடும். எல்லாம் துல்லியம். ஜப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றி லோயர் கேட்டபோது அவர் சொன்னார்: "குண்டு விழுந்தது. ஆர் போட்டதெண்டு நான் அண்ணாந்து பாக்கேல்லை. பங்கருக்குள்ள கிடந்தனான்." லோயர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

கடைசியில், சிங்கப்பூர் விழப்போகிற நேரம், ஒரு வெள்ளைக்காரக் கப்டன் அவர்களைக் கூப்பிட்டு, உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறான். இவர் உடுப்பையும் கடதாசிகளையும் ஒரு வாய்க்கால் கரையில் புதைத்துவிட்டு, தடம் தெரிந்த ஒரு றப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதோடு படை சேவை முடிந்தது. லோயர் எல்லாவற்றையும் ரைப் பண்ணுவித்து, வழக்கமாகச் சேர்க்கிற ஒரு வசனத்தைக் கடைசியில் சேர்த்தார். 'நான் எனது படை சேவையை ஒருபோதும் மறுதலித்ததில்லை.' அதை நான் தமிழில் வாசித்தேன்.

"உந்த வசனத்தை வெட்டு பிள்ளை" என்றார் கிழவர்.

"அது வழக்கமாப் போடுறது அங்கிள். உது இல்லாட்டி எடுக்க மாட்டினம்."

"அப்ப நான் கையெழுத்து வைக்க மாட்டன்." தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகன் என் மேசைக்கு முன்னால் நின்று கத்தினார். "அங்க தங்கச்சி நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருக்கிறாள். இவர் ஒரு வசனத்துக்கு நிண்டு பிடிக்கிறார்!" நானும் மகன் பக்கம்தான். கிழவர்களுக்குப் பிடிவாதம் ஒரு வியாதி என்று மனதுக்குள் திட்டினேன்.

இரண்டொரு நாளில் அவர் தனியாக வந்தார். லோயர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். கீழே கடையில் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை. நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

ஜப்பான்காரர் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொண்டர் படைக்காரரைத் தேடினார்களாம். இவர் ஒளிந்திருந்த தோட்டத்துக்கும் வந்தார்கள். இளம் ஆண்கள் எல்லாரையும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். இவருக்குப் பக்கத்தில், படையில் இவரோடு ஒரே செக்சனில் இருந்த, யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பெடியன். இருவரும் ஒன்றாகத்தான் ஓடி வந்தவர்கள்.

"அடிச்சுக் கேட்டாலும் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். "அவங்களோடை ஒரு தமிழன் வந்தவன். உன்னை மாதிரி, மொழிபெயர்ப்புக்காரன். அவன்தான் ஒபிசருக்குச் சொல்லிக் குடுத்தவன். இந்தச் சனம் அடிக்குப் பொய் சொல்லும், கற்பூரத்துக்குச் சொல்லாது எண்டு."

கோயில் படியில் கற்பூரம் கொளுத்தினார்கள். ஒவ்வொருவராகப் போய், நான் எந்தப் படையிலும் இருந்ததில்லை, இருந்திருந்தால் என் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். ஊரில் காணி வழக்கு, களவு வழக்கு எல்லாவற்றுக்கும் கடைசிப் பேச்சு அதுதான். எவ்வளவு பெரிய புளுகனும் அந்த இடத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துவிடுவான். இங்கே பக்கத்தில் ஒரு ஜப்பான்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நான் சொன்னன். அணைச்சன். கை சுட்டதுகூடத் தெரியேல்லை. கலியாணம் கட்டாத வயதில, பிறக்காத பிள்ளையளை வச்சுச் சத்தியம் பண்ணினன்."

"மற்றவர்?"

"அவன் தேவாரம் பாடாமல் சோத்தில கை வைக்காதவன். போய் நிண்டான். கையை நீட்டினான். பிறகு எடுத்துப்போட்டான். என்னைத் திரும்பிப் பாத்தான். 'என்னால ஏலாது' எண்டான். அவ்வளவுதான்."

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "றப்பர் மரங்களுக்குள்ள கூட்டிக்கொண்டு போனாங்கள். நான் ஒண்டும் காணேல்லை. சத்தம் கேட்டது."

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். இங்கே பொய் சொன்னவர் உயிரோடு எனக்கு முன்னால் இருந்தார். பொய்ச் சத்தியத்துக்குப் பயந்தவன் ஐம்பது வருஷத்துக்கு மேலாக றப்பர் தோட்டத்து மண்ணுக்குள் இருக்கிறான். இவ்வளவு நாளும் நான் இவரை ஒரு உண்மை விளம்பி என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். அவரை ஆட்டிப்படைத்தது பயம். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அவருக்குக் கணக்கு ஒன்று இருந்தது. ஊரில் இருந்த மூத்த மகன் ஷெல் விழுந்து செத்தது அந்தச் சத்தியத்தின் பலன். மருமகன் காணாமல் போனது அந்தச் சத்தியம். மனைவி புற்றுநோயில் போனதும் அதுதான். "பட்ட காலிலே படும் எண்டு சனம் சொல்லும். ஏன் படுகுது எண்டு எனக்குத் தெரியும்" என்றார். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழாத வீடு எது, ஆமி பிடிக்காத குடும்பம் எது, அவர்கள் எல்லாரும் கற்பூரமா அணைத்தார்கள் என்று நான் கேட்டேன்.

நடந்ததை லோயரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லு என்றார். அடுத்த நாள் அவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். லோயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். கப்டன் வீட்டுக்குப் போகச் சொன்னதோடு சேவை ஒழுங்காக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எதிரி துவக்கை நீட்டிச் சொல்லவைத்தது சட்டத்தில் ஒரு சொல்லே அல்ல. ஆகவே இந்த வசனம் முழு உண்மை. அவர் தாராளமாகச் சத்தியம் பண்ணலாம். கடவுள் வேண்டாமென்றால் கடவுளை விட்டுவிட்டும் உறுதி சொல்லலாம்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"துவக்கு அவனுக்கும்தான் நீட்டினது, பிள்ளை. அவன் சொல்லேல்லையே."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது லோயர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கிழவர் அன்றைக்கும் கையெழுத்து வைக்கவில்லை. லோயர் சொன்னதுதான் சரி என்று நான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. உயிரோடு இருக்கிறவள் லொட்ஜில் கிடந்து நடுங்குகிறாள். ஆனால் சரியானதைச் சொல்லி ஒரு மனிதனின் பயத்தை எடுத்துவிட முடியாது என்று அவரிடம்தான் கண்டேன்.

பனிக்காலம் முடிகிற நேரம் கொழும்பில் எங்கோ குண்டு வெடித்து, லொட்ஜுகளில் இருந்த தமிழர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். மகளையும் குழந்தையோடு ஏற்றிப்போய் பொலிஸ் நிலையத்து நிலத்தில் வைத்திருந்தார்கள். விட்டபோது குழந்தைக்கு நெருப்புக் காய்ச்சல். செய்தி வந்த மறுநாள் காலை நாங்கள் கந்தோர் திறக்குமுன்பே அவர் படியில் நின்றார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"எடு பிள்ளை, அந்தக் கடதாசியை."

கடவுளை வைத்தா, வைக்காமலா என்று லோயர் கேட்டார்.

"வச்சுத்தான். செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யவேணும்."

வலது கையைத் தூக்கினார். நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். அந்த வசனம் வந்தபோது நிறுத்தினார். இருமிவிட்டு முழுவதையும் சொன்னார். கையெழுத்து வைத்து முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "இதில பிள்ளையளைப் பற்றி ஒண்டும் இல்லைத்தானே? வம்சம், கிம்சம் எண்டு?"

"இல்லை அங்கிள். பொய்யெண்டால் உங்களுக்குத்தான் தண்டனை. வேற ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப சரி. எனக்கு மட்டும்" என்றார். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று அதையே இன்னொரு தடவை தனக்குள் சொன்னார்.

பென்சன் வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் மகனின் சம்பளத்தோடு சேர்த்துக் காட்டக் காணும். ஸ்பொன்சர் கடதாசிகளை நானே நிரப்பினேன். இப்படி ஒரு அலுவல் சரிவந்தால் எங்கள் கந்தோரில் கேக் வெட்டுவோம். மகளுக்கு விசா கிடைத்த அன்றைக்கு நான் அவருக்குப் போன் எடுத்தேன். மருமகள் எடுத்தாள். "மாமா இங்க இல்லை அக்கா. ஜெராட் தெருப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு போயிட்டார். பென்சன் காசைக் கொழும்பில இருக்கிற மகளுக்கெண்டு என்ரை மனுசனிட்டைக் குடுக்கிறார். வாடகைக்கு மட்டும் எடுக்கிறார். ஏனெண்டு கேட்டாலும் சொல்லுறாரில்லை" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இரண்டாவது சத்தியம் வந்து தேடும்போது, பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருக்கக்கூடாது என்று ஒதுங்கியிருக்கிறார்.

மகள் வந்து இறங்கினாள். அவர் விமான நிலையத்துக்குப் போகவில்லை. வார்த்தை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அவள் தமையனோடு அவருடைய அறைக்குத் தேடிப் போனபோது வீட்டுச் சொந்தக்காரி, ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். கடைசியில் அவள் என்னைத் தேடிக் கந்தோருக்கு வந்தாள். மெலிந்த பெண், தகப்பனின் உயரம். "அக்கா, உங்களோடை மட்டும்தான் அவர் கதைக்கிறவராம். கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். அன்று பின்னேரமே கூட்டிக்கொண்டு போனேன்.

பழைய வீடு. மேல்மாடியில் கடைசி அறை. தட்டினேன்.

"அங்கிள், உங்கடை மகள் வந்து நிக்கிறா."

"தெரியும். படியில வாற சத்தம் கேட்டது." கதவு திறக்கவில்லை. "பிள்ளை, நீ ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"நான்தான் கேட்டனான் அப்பா" என்றாள் மகள். "கதவைத் திறவுங்கோ. ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

குரல் திரும்பவும் என்னிடம்தான் வந்தது. "அவளிட்டைச் சொல்லு பிள்ளை, தமையனோடை இருக்கட்டாம். அங்க ஒரு குறையும் இல்லை."

எத்தனையோ பேருக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் நான். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான். அவளைப் பார்த்து, "தமையனோடை இருக்கட்டாம்" என்றேன். அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

"குழந்தையின்ரை காய்ச்சல் முழுக்க மாறீட்டுதோ எண்டு கேள்."

கேட்டேன். "மாறீட்டுது" என்றாள்.

"மாறீட்டுதாம் அங்கிள்."

"அது காணும். கூட்டிக்கொண்டு போ."

நாங்கள் இறங்கி வந்தோம். ஸ்ரீற்கார் என்ற தெரு ட்ராமுக்கு நிற்கும்போது, நான் என்ன பிழை விட்டேன் என்று அவள் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கற்பூரம், மானிப்பாய்ப் பெடியன், கடதாசி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா அண்டைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாட்டி நான் பிறந்தே இருக்க மாட்டனே" என்றாள். இதைப் போய் அவரிடம் சொல், திரும்ப மேலே போவோம் என்று கையைப் பிடித்தேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

ஸ்ரீற்கார் வந்தது. ஏறி ஜன்னலோரம் இருந்தாள். பாதித் தூரம் போன பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"கொழும்பில இருக்கேக்க எண்டாலும் கிழமைக்கு ஒருக்கா அப்பா என்னோடை போனில கதைச்சவர், அக்கா."